சாவியை எடுத்த பிறகும் ஓடும் வண்டி

அக்டோபர் 13, திங்கள்

விடியலில் தூறல். எட்டு மணிக்குள் அதுவும் போய் வெயில். இந்த ஊர் மழையை நம்பித் துணி துவைக்காமல் இருந்தது தப்பு.

செய்ய வேண்டியது: காஸ் இணைப்பு மாற்றம். மாடி ஜன்னலுக்குத் திரை. பேட்டரிக்குத் தண்ணீர். முட்டிக்குத் தைலம்.

காரை எடுத்தேன். எங்கள் பழைய பத்மினி வண்டி குன்னூரிலிருந்து லாரியில் வந்து இறங்கி மாதம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஸ்டார்ட் ஆனது. தெருமுனைக்குள் இருமல். பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் குமிழை இழுத்தால் சரியாகிறது, விட்டால் மறுபடி இருமல். அந்தக் குமிழ் இழுத்த இடத்தில் நிற்காது, கையை எடுத்ததும் உள்ளே போய்விடும். எத்தனையோ வருடமாக அப்படித்தான். மேலே குன்னூரில், குளிர் காலைகளில், என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டே வருவேன். மார்க்கெட் வளைவு தாண்டியதும் "விட்டுடு ரெஜி" என்பார். இப்போது ஓட்டும் இடத்தில் நான். இடது கையால் கியர் போடுவதா, சோக் பிடிப்பதா? இரண்டு இடது கை வேண்டும் இந்த வண்டிக்கு.

வீட்டுக்குள் விட்டு, ஆஃப் செய்து, சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். எஞ்சின் நிற்கவில்லை. டுக் டுக் என்று மொத்த வண்டியையும் ஆட்டிக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு உதறல், அடங்கிற்று. தினமும் இதே கதை.

இங்கே தூத்துக்குடியில், அண்ணன் வீட்டில் மாடி எனக்கு, கீழே அவர்களுக்கு. ஆனால் மதினியின் கண்ணுக்கு மாடி, கீழ் என்ற பேதம் கிடையாது. வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டே கேட்கிறாள்: "ஏளா, நீ எறங்கிட்ட. உள்ள யாரு இருக்கா?"

அக்டோபர் 14, செவ்வாய்

இன்னாசி வந்தான். சங்கு குளிக்கிறவர்களின் வள்ளங்களில் காற்று அனுப்பும் மெஷினையும் போட் எஞ்சினையும் பழுது பார்க்கிறவன். பழைய கார் என்றால் அவனுக்கு ஒரு சபலம், கூப்பிடாமலே வந்து நிற்பான்.

"எல்லாம் உப்புக் காத்துதான் டீச்சர். மலையில இருந்த வண்டிலா. இங்கன வந்ததும் தின்னுட்டு."

பிளக் நாலும் உப்பு. பாயிண்ட் உப்பு. பேட்டரி முனை உப்பு. தேய்த்தான், துடைத்தான், கிரீஸ் வைத்தான். இருமல் அப்படியே இருக்கிறது. இந்த ஊரில் எது கெட்டாலும் உப்புதான். ஃபேன் கத்துகிறதா, உப்பு. ரிமோட் வேலை செய்யவில்லையா, உப்பு. நேற்று மதினி என் முட்டிவலிக்கும் அதையே சொன்னாள்.

அது உப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். மேலே காற்று மெலிசு. அதற்குத் தகுந்த பெட்ரோல் போதும் என்று கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இறங்கும் ஜெட்டைச் சின்னத் துவாரம் உள்ளதாகப் போட்டு வைத்திருந்தார். இங்கே காற்று கனம், பெட்ரோல் அதே கொஞ்சம்தான், அதனால் மூச்சு வாங்குகிறது. கல்யாணமாகி மலையேறிய புதிதில் அவரே கழற்றி மாற்றியது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் இந்த வியாக்கியானத்தைக் கேட்காத வாரம் உண்டா? சயின்ஸ் டீச்சருக்கே சயின்ஸ் எடுப்பார்.

மாற்றி எடுத்த கீழ்நாட்டு ஜெட் என்னிடம்தான் இருக்கிறது. புளியங்கொட்டையைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. தைல டப்பாவில் போட்டு வைத்திருந்தார், இப்போது அந்த டப்பா என் செபமாலைப் பெட்டியில். இன்னாசியிடம் சொல்லவில்லை. "கார்புரேட்டரில மட்டும் கை வைக்காத" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

அவர் தன் கையால் வைத்தது அது. கழற்ற மாட்டேன்.

அதோடு வண்டி இங்கே இருக்கப்போவதும் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நானே மேலே ஓட்டிப் போய் செல்வத்திடம் விட்டுவிடுவேன். தேயிலை ஃபேக்டரியில் அவரிடம் வேலை பழகியவன், ஒழுங்காகப் பார்த்துக்கொள்வான். மலைக்குப் போகிற வண்டிக்குக் கீழ்நாட்டு ஜெட் எதற்கு?

அக்டோபர் 16, வியாழன்

புழுக்கம். திரைத்துணி வாங்கியது அகலம் போதவில்லை. கடைக்காரர்: "அளவு எடுத்துட்டு வரக் கூடாதாம்மா?" எடுத்துத்தான் போனேன். தப்பாக எடுத்தேன்.

"ரிட்டயர் ஆனதும் தூத்துக்குடி" என்று நான் எப்போது ஆரம்பித்தாலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுவார். மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "பாப்போம்" என்பார். சண்டை போடலாம் என்றால் பிடி கொடுக்காத வார்த்தை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் ஊர் வெயிலில் இரண்டு நாளைக்கு மேல் தங்கியதில்லை, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வேர்க்குரு. கடைசி கிறிஸ்துமஸுக்கும் கேட்டேன். பாப்போம். ஜனவரிக் கடைசியில் ரிட்டயர்மெண்ட் என்று தேதி குறித்திருந்தது. அதற்கு முன்பே, ஃபேக்டரியிலேயே, நெஞ்சு வலி. குன்னூர்க் கல்லறையில் வைத்துவிட்டு, பள்ளி வருடம் முடிகிறவரை தனியாக இருந்துவிட்டு, நான் இறங்கி வந்துவிட்டேன். அவருக்குப் பிறகு ஷெட்டைத் திறக்கவே இல்லை. அண்ணன்தான் வண்டியை எதற்கு அங்கே துருப்பிடிக்க விடுகிறாய் என்று லாரி அனுப்பினான்.

வர இஷ்டமில்லாத மனுஷனை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டது.

இன்றைக்கு வண்டியை விட்டு இறங்காமல் இருந்து பார்த்தேன். சாவி என் மடியில். எஞ்சின் தன்பாட்டில் ஆடுகிறது. இடப்பக்க சீட்டும் ஆடுகிறது, யாரோ கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்டம். பிறகு உதறல். பிறகு வெறும் சீட்.

இறங்க மாட்டேன் என்கிறார்.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் தினமும் காய்கறி வாங்கும் சாக்கில் வண்டியை எடுக்கிறேன், அதுவும் இருக்கட்டும்.

அக்டோபர் 18, சனி

மதினி என்னைக் கேட்காமலே பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுவிட்டாள், வண்டியை மந்திரிக்க. புதிதாக வந்த சின்ன வயது சாமி. வெள்ளை அங்கி, கையில் தீர்த்தச் செம்பு. நான் அப்போதுதான் கடையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியிருந்தேன். செபத்தை ஆரம்பித்தார். டுக் டுக் டுக்.

"டீச்சர், கொஞ்சம் ஆஃப் பண்ணிட்டீங்கன்னா..."

"பண்ணியாச்சு சாமி." சாவியைத் தூக்கிக் காட்டினேன்.

சாமி சாவியைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். செபத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதலிலிருந்து தொடங்கினார். தீர்த்தம் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. எஞ்சின் உதறி அடங்கியதும் மதினி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியதில் புரை ஏறி இருமினேன்.

காப்பி குடிக்கும்போது மதினி என் காதோரம்: "மாப்பிள்ளைக்கு ஒரு பூசை வைக்கணும் பாத்துக்க. அவிய மனசு ஆறல."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லாததை இவள் எப்படிச் சொல்கிறாள்?

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். தெருவெல்லாம் வெடித்தாள் நனைந்து சேறு. நல்ல மழை.

துறைமுக ரோட்டில் அண்ணனுடைய ஆபீஸ் வரை போனேன், சாப்பாட்டு டப்பா கொடுக்க. சரக்குக் கப்பல்களுக்கு கிளியரிங் பார்க்கும் ஆபீஸ். முன்னாலும் கண்டெய்னர் லாரி, பின்னாலும் கண்டெய்னர் லாரி, நடுவில் பத்மினி. திரும்பி வரும்போது உப்பளத்துப் பக்கம் இருமி நின்றேவிட்டது. பின்னால் ஹாரன். ஒரு டிரைவர் மழையில் இறங்கி வந்து, "யக்கா, தள்ளட்டா?"

வேண்டாம் என்று சோக்கை இழுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். கியர் போட வேண்டும், கிளட்சில் கால், வைப்பர் ஓடவில்லை, கை போதவில்லை. வாய்விட்டுச் சொன்னேன். இடப்பக்கம் பார்த்தே சொன்னேன்: "பிடிங்களேன். சும்மா உக்காந்திருக்கீங்க."

குமிழ் வெளியே நின்றது. நான் கையை எடுத்த பிறகும் நின்றது. எஞ்சின் சீராக, ஒரு இருமல் இல்லாமல், பாலம் வரை வந்தது. பிறகு குமிழ் தானாக உள்ளே போய்விட்டது.

ஈரத்தில் இறுகியிருக்கும். உப்பு பூத்திருக்கும். இன்னாசி சொன்னபோது சிரித்தவள், இப்போது நானே உப்பு என்கிறேன். வீட்டுக்கு வந்து அதே போல இழுத்துப் பார்த்தேன், பலமுறை. ஒரு தடவைகூட நிற்கவில்லை. சோற்றைத் தட்டோடு மூடி வைத்துவிட்டேன். பயம் இல்லை இது. கேட்டதும் குமிழைப் பிடிக்கிற மனுஷனை அவர் ஊருக்குக் கொண்டு போய் விடாமல் வைத்திருக்கிறோமே என்ற வேதனை.

அக்டோபர் 24, வெள்ளி

அண்ணனோடு சண்டை. நான் கல்லறைத் திருநாளுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் ஆரம்பித்தது.

"ஏளா ரெஜி, இத ஓட்டிட்டு நீ கோவில்பட்டி தாண்ட மாட்ட."

"தாண்டுவேன்."

"இன்னாசி சொல்லுதான். இப்பிடியே சூடாக்கி ஓட்டுனா வால்வு கருகிருமாம். கருகின வண்டிய மேல கொண்டு போயி என்ன செய்யப் போற? மாப்பிள்ளைக்குப் பக்கத்துல குழி தோண்டவா?"

மதினி "என்ன பேச்சு இது" என்று அவன் தோளில் அடித்தாள். நான் சாப்பிடாமல் மாடிக்கு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் கத்தித் தொலைப்பேன். ஆனால் அவன் சொன்னது சரிதான், அதுதான் ஆத்திரம். அவரே சொல்வார், பெட்ரோல் குறைந்த வண்டிக்கு உள்ளே சூடு ஏறும் என்று. மேட்டுப்பாளையம் வரை முழுக்கச் சமவெளி. நான் பாதுகாக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் வண்டியை நானே எரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் செல்வத்துக்கு போன். "ஷெட்டைக் கழுவி வச்சிருக்கேன் மேடம். சார் கார் மறுபடி இங்கயே வருதுன்னா சந்தோஷம்தான்."

முடிவு: கீழ்நாட்டு ஜெட்டைப் போடுவது, மேட்டுப்பாளையம் வரை மட்டும். அங்கே ஒரு மெக்கானிக்கைப் பிடித்துப் பழையதை மறுபடி மாட்டி மலையேறுவது. அவர் வைத்ததை மாற்றுவது ஆகாது, வழிக்கு மட்டும் இரவல். டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், வரிசையாக.

மழை இல்லை. காலையில் இன்னாசி வந்தான். டப்பாவைக் கொடுத்தேன்.

"இத முதல்லயே தந்திருக்கலாம்லா டீச்சர்?"

"இப்பத் தந்துட்டேன்ல. போடு."

பானெட்டைத் திறந்தான். அவருக்கு ஒரு பழக்கம்: தான் வைத்த ஸ்குரூ அசையக் கூடாது என்று அதன்மேல் என் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பார். அசைந்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஜெட்டை மூடியிருந்த இடத்தில் பொட்டு முழுசாக இருந்தது. அவருக்குப் பிறகு யாரும் தொடவில்லை. இன்னாசி ஸ்பேனரை வைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

உள்ளே இருந்த ஜெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். பக்கத்தில் நான் கொடுத்தது. வெயிலுக்கு நேராகத் தூக்கி ஒவ்வொன்றாகத் துவாரத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"டீச்சர், நீங்க தந்ததுதான் சின்னது."

"கையில மாத்திட்ட நீ."

"எப்பிடி மாறும்? ஒண்ணு பெட்ரோல் ஈரமா இருக்கு. ஒண்ணு காஞ்சி கெடக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே பார்த்தேன். இரண்டிலும் சின்னதாக எண் அடித்திருக்கிறது. ஈரமாக இருந்ததில்தான் பெரிய எண். துவாரமும் அதில்தான் பெரிது. கண்ணுக்கே தெரிகிறது.

"கீழ போட வேண்டியத மேலயே போட்டு வச்சிட்டாவ," என்றான் இன்னாசி. "இங்கன வாரதுக்குன்னு."

மலை ஜெட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டிருக்கிறார். நான் செபமாலையோடு வைத்துப் பாதுகாத்தது அதைத்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்போது செய்தார்? டிசம்பரில் வண்டி கரும்புகை கக்கியது. ஷெட் சுவரெல்லாம் கரி. "இந்தப் பழைய சனியனை வித்துத் தொலைங்க" என்று கத்தினேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்க ரெஜி" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த ஜனவரியில், அவ்வளவு பனியிலும், ஒரு நாள்கூட என்னை சோக் பிடிக்கச் சொல்லவில்லை. பெட்ரோல் தாராளமாகப் போனால் சோக் எதற்கு? நான் என்ன நினைத்தேன்? ரிட்டயர் ஆனால் ஊருக்குப் போகலாம் என்று நச்சரித்ததில் மனுஷனுக்கு என்மேல் கசந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுகூடப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இந்த மாதங்கள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கேகூட எழுதவில்லை.

இன்னாசிக்கு வேறு கவலை. "அப்ப பெட்ரோல் சரியாத்தான போவுது. பிறவு ஏன் இருமுது?" எஞ்சினை ஓடவிட்டு, சோப்பு நுரையை எடுத்துக் கார்புரேட்டரின் அடியில் சுற்றிலும் வைத்தான். சங்கு குளிக்கிறவர்கள் கடலுக்குப் போகுமுன் காற்றுக் குழாயில் ஓட்டை பார்ப்பது இப்படித்தானாம். ஒரு மூலையில் நுரை சட்டென்று உள்ளே இழுபட்டது. எஞ்சின் சத்தம் மாறியது. லாரியில் குலுங்கி வந்ததில் நட்டு தளர்ந்து, அடியிலிருந்த பேக்கிங் கிழிந்து, வேண்டாத காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் ஓடியதற்கும் அதுதான் காரணம்.

"நானும் உப்பு உப்புன்னு சொல்லிட்டுக் கெடந்தேன்," என்றான். நானும் மலை மலை என்று கிடந்தேன், அதை அவனிடம் சொல்லவில்லை.

புதுப் பேக்கிங் வெட்டிப் போட்டு இறுக்கினான். பெரிய ஜெட்டையே திரும்ப மாட்டினான். கடைசியாகப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ, நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடுவதற்குப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அதிலும் சிவப்புப் பொட்டு.

"இது மலைக்கு வச்சபடியேதான் நிக்கி. இத மட்டும் இங்கன வந்து திருப்பிக்கிடலாம்னு விட்டிருக்காவ."

ஸ்குரூ டிரைவரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மெல்ல இடப்பக்கம் திருப்பச் சொன்னான். பொட்டு உடைந்து தூளாக விரலில் ஒட்டியது. கொஞ்சம் திருப்பினேன், சத்தம் தடுமாறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் துளி. சத்தம் ஒரே சீராக வந்துவிட்டது. "போதும் டீச்சர், போதும்" என்றான். எனக்குக் கண் தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன், அவன் எஞ்சினைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

ஆஃப் செய்தேன். நின்றுவிட்டது. உடனே. ஆட்டம் இல்லை, உதறல் இல்லை.

இடப்பக்க சீட்டைப் பார்த்தேன். ரெக்ஸின் கிழிந்த வெறும் சீட்.

அக்டோபர் 28, செவ்வாய்

கடற்கரை ரோட்டில் ஓட்டினேன். சோக் வேண்டியிருக்கவில்லை. என்ன அருமையாக ஓடுகிறது. சொல்ல ஆள் இல்லை. ஒரு வாரம் முன்னால் இடப்பக்கம் ஆள் இருந்தது. இருமிக்கொண்டே இருந்திருக்கலாம் இந்த வண்டி என்று ஒரு நினைப்பு வருகிறது, வெட்கக்கேடு.

வாங்கியது: கெளுத்தி கால் கிலோ, இஞ்சி, திரைக்கு இன்னொரு துண்டுத் துணி.

மதினி: "பாத்தியா, சாமி மந்திரிச்சது கேட்டுட்டு." ஆமாம் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

மூடாக்கு. மழை வரும் போல.

செல்வத்துக்கு போன். வண்டி வராது என்றேன்.

"ஏன் மேடம், ரிப்பேரா?"

"இல்ல, சரியாயிடுச்சு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சார் இங்கே வருவதாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான்: "தூத்துக்குடியில வாடகைக்கு ஷெட்டோட வீடு கிடைக்குமான்னு ஒருநாள் கேட்டாரு மேடம். எனக்கு என்ன தெரியும், மேடத்துகிட்டயே கேளுங்க சார்னு சொன்னேன். இல்ல, அவகிட்ட இப்ப சொல்லாத, ரிட்டயர் அன்னிக்கு சொல்லிக்கலாம்னாரு."

போனை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்து நன்றி சொன்னேன், அவன் பாவம்.

கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று, சனி ராத்திரி. அங்கிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர். எடுக்க வேண்டியது: ஸ்வெட்டர், குடை, முட்டிக்குத் தைலம், மெழுகுவர்த்தி, செல்வத்துக்கு மக்ரூன்.

மதினி மாடிக்கு ஏறி வந்து, "அங்கன போயி அழுதுட்டே நிக்காத ஏளா, கேட்டியா?"

அழப்போகவில்லை. திட்டப்போகிறேன். பாப்போம் பாப்போம் என்று ஒரு ஆயுசு முழுக்கச் சொல்லிவிட்டு, எனக்கு முன்னாலேயே கிளம்பி உட்கார்ந்திருந்த மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? கல்லறைத் திருநாள், கூட்டம் இருக்கும், எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முதலில் திட்டு. மெழுகுவர்த்தி அப்புறம்.